டெக்சஸ் அணியில் இடம் கிடைத்த பிறகு: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் படித்துக்கொண்டே நீந்திய இடம், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம். 1883இல் தொடங்கப்பட்ட அரசுப் பல்கலைக்கழகம் அது. அங்கே விளையாடியவர்களின் தொழில் வாழ்க்கை பிறகு எப்படி அமைந்தது, நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வழியில் போகும்போது எங்கே இடறுகிறார்கள் என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பல கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

என் மகனுக்கு 16 வயது. வண்ணத்துப்பூச்சி பாணியில் நீந்துகிறான். "ஸ்கூலிங் போன இடத்துக்கே அனுப்புங்கள்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். பதக்கம் வாங்கியவர்களை எல்லாருக்கும் தெரியும். அங்கே போனவர்கள் கடைசியில் என்ன தொழில் செய்கிறார்கள்?
– தாயார், செங்காங்

நல்ல கேள்வி அம்மா. ஸ்கூலிங்கிடமிருந்தே தொடங்குவோம். 2014இல் ஆஸ்டின் போனார். 2015 முதல் 2018 வரை அவர் அணியில் இருந்த நான்கு ஆண்டும் டெக்சஸ் ஆண்கள் அணிதான் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றது. நடுவில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் பாணி நீச்சலை 50.39 விநாடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். மைக்கல் ஃபெல்ப்ஸ், சாட் லெ குளோஸ், லாஸ்லோ செ மூவரும் 51.14 விநாடியில் ஒன்றாகத் தொட்டு வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கூலிங் தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. 2022 ஜனவரியில் தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை) சேர்ந்தார், 2024 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த 28 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றவரின் போட்டி வாழ்க்கையே அந்த வயதில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒருவர் உழைத்துச் சம்பாதிக்க இன்னும் 35 ஆண்டு இருக்கிறது. ஆஸ்டினில் கழிக்கும் நான்கு ஆண்டும் அந்த 35 ஆண்டுக்கும் சேர்த்துத்தான்.

டெக்சஸில் விளையாடியவர்களின் பாதை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். கூடைப்பந்தில் கெவின் டூரண்ட் ஒரே ஒரு பருவம், 2006-07, விளையாடிவிட்டு 2007இல் என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கத்தின் வீரர் தேர்வில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார். உயர்நிலைப் பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் என்பிஏ சேர முடியாது என்ற விதி இருப்பதால்தான் அந்த ஓராண்டும். கோல்ஃபில் ஜோர்டன் ஸ்பீத் இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே, 2012 கடைசியில், படிப்பை விட்டுத் தொழில்முறைக்குப் போனார். 2015இல் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன் என்ற பெரிய கோல்ஃப் போட்டிகள் இரண்டையும் வென்றார். அதே கோல்ஃப் அணியில் அவருக்குப் பின்னால் வந்த ஸ்காட்டி ஷெஃப்லர் நான்கு ஆண்டும் இருந்து 2018இல் நிதித் துறைப் பட்டத்தோடு வெளியேறினார். அவரும் 2022, 2024 மாஸ்டர்ஸையும் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். பட்டத்தை முடித்ததால் அவருக்கு எதுவும் தாமதமாகவில்லை.

குண்டு எறிதலில் ரயன் கிரௌசரைப் பாருங்கள். 2016, தோக்கியோ, பாரிஸ் என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம், 2023இல் 23.56 மீட்டர் உலகச் சாதனை. பொருளியலில் பட்டம், அதன்மேல் நிதித் துறையில் முதுநிலை, இரண்டும் ஆஸ்டினில். செயின்ட் லூசியா என்ற குட்டித் தீவிலிருந்து வந்த ஜூலியன் ஆல்ஃபிரட் 2023 வரை கல்லூரிக்காக ஓடினார். படிப்பு முடிந்த பின்பும் அதே பயிற்றுவிப்பாளர் எட்ரிக் ஃப்ளோரியலிடமே இருந்தார். 2024 பாரிஸில் 100 மீட்டரை 10.72 விநாடியில் வென்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொடுத்தார். லண்டன் 2012இல் 400 மீட்டர் தங்கம் வென்ற சான்யா ரிச்சர்ட்ஸ்-ராஸ் இப்போது தொலைக்காட்சியில் போட்டிகளை அலசுகிறார். 1977இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய அமெரிக்கக் காற்பந்து வீரர் எர்ல் கேம்பல் ஓய்வுக்குப் பிறகு தன் பெயரில் சாசேஜ் வியாபாரம் நடத்தினார்.

இவர்களெல்லாம் உச்சியில் இருப்பவர்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ சொல்லும் கணக்குப்படி, கல்லூரி அணிகளில் இருப்பவர்களில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே தொழில்முறை வீரர்களாகிறார்கள். மாதச் சம்பளம் தரும் பெரிய சங்கப் போட்டி கூடைப்பந்துக்கு உண்டு, நீச்சலுக்கு இல்லை. ஆகவே உங்கள் மகன் விஷயத்தில், படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறைக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் எந்தப் பட்டத்தோடு வெளியே வருகிறான் என்பதுதான் அவன் தொழில்.

பயிற்றுவிப்பாளரை நம்பி மட்டும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஸ்கூலிங்கைப் பயிற்றுவித்த எடி ரீஸ் 1978 முதல் 2024 வரை டெக்சஸில் இருந்து 15 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஃபெல்ப்ஸின் குரு பாப் போமன் இப்போது அந்த இடத்தில் இருக்கிறார். பயிற்றுவிப்பாளர் மாறலாம். பட்டச் சான்றிதழில் அச்சாகும் பாடம் மாறாது.

மகனுக்கு மின்னஞ்சலில் "60 விழுக்காடு உபகாரச் சம்பளம்" என்று வந்திருக்கிறது. மீதி 40 விழுக்காட்டை மட்டும் நாங்கள் கட்டினால் போதும்தானே?
– தந்தை, உட்லண்ட்ஸ்

போதாது ஐயா. எதில் 60 என்று முதலில் கேளுங்கள். கல்விக் கட்டணத்தில் மட்டுமா, தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்த மொத்தச் செலவிலா? இரண்டுக்கும் ஆண்டுக்குப் பல்லாயிரம் டாலர் வித்தியாசம் வரும்.

வரியை நம்மவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், புத்தகம் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் உதவிக்கு அமெரிக்காவில் வரி இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கொடுக்கும் பகுதி வருமானமாகக் கணக்காகும். அதில் 14 விழுக்காட்டைப் பல்கலைக்கழகமே பிடித்துக்கொள்ளும். சில நாட்டு மாணவர்களுக்கு வரி உடன்படிக்கையால் சலுகை கிடைக்கும். சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அப்படிப்பட்ட வருமான வரி உடன்படிக்கை கிடையாது.

ஓர் உதாரணக் கணக்கு. ஆண்டுச் செலவு 70,000 அமெரிக்க டாலர், அதில் கல்விக் கட்டணம் 45,000, தங்குமிடம் உணவு 15,000, மற்றவை 10,000 என்று வைத்துக்கொள்வோம். 60 விழுக்காடு என்றால் 42,000. அந்தத் தொகை முழுவதையும் கல்விக் கட்டணத்துக்கு என்று எழுதினால் வரி ஒன்றும் இல்லை. அதே 42,000இல் 15,000ஐத் தங்குமிடம், உணவுக்கு என்று எழுதினால் 2,100 டாலர் வரியாகப் போகும். மகனின் மாணவர் கணக்கில் அது செப்டம்பரில் திடீரென்று பாக்கியாக நிற்கும். பாக்கி இருந்தால் அடுத்த பருவத்துக்குப் பாடம் பதிவு செய்ய முடியாமல் தடை விழும். ஆகவே உதவி எந்தெந்த வரியில் விழுகிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். வரி பிடித்த விவரத்தோடு ஆண்டுதோறும் 1042-எஸ் படிவம் வரும். அமெரிக்க வரித் துறைக்கு, வருமானம் இல்லாவிட்டாலும் 8843 படிவமும், வருமானம் இருந்தால் 1040-என்ஆர் படிவமும் அனுப்ப வேண்டும்.

கைக்காசு போகும் மற்றவை: வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர், கட்டாய மருத்துவக் காப்புறுதி, விமானச் சீட்டு, கோடைப் பருவத்தில் அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தால் அதற்கான வாடகை. கோடைச் செலவு உதவியில் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் உங்கள் பேரத்தைத் தொடுகிறது. முன்பு ஆண்கள் நீச்சல் அணி ஒன்றுக்கு மொத்தமே 9.9 முழு உபகாரச் சம்பளம்தான், அதைத்தான் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். என்சிஏஏ மீதான வழக்கில் 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி அந்த உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாக அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. நீச்சலுக்கு அது 30. டெக்சஸ் 2024 ஜூலையில் சேர்ந்த எஸ்இசி என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு, ஆண்கள் நீச்சலுக்கு 22 என்று இன்னும் குறுக்கியது. கொடுக்கும் பணம் கூடலாம், இடம் குறைந்துவிட்டது. "உதவி இல்லாமல் சேர்ந்து பிறகு முன்னேறலாம்" என்ற பழைய வழி இப்போது மிகவும் குறுகலானது.

இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று வீரர் உறுதி தரும் தேசிய ஒப்புதல் கடிதம் என்ற பழைய நடைமுறையும் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. கையெழுத்திட வேண்டியது நிதி உதவி ஒப்பந்தம். அதில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை ஆண்டுக்கு, காயம்பட்டால் என்ன, புதுப்பிக்காவிட்டால் எப்போது சொல்வார்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் காயத்தையோ மோசமான ஆட்டத்தையோ காரணம் காட்டி உதவியைக் குறைக்கக் கூடாது. புதுப்பிக்கவில்லை என்றால் ஜூலை 1க்குள் அறிவிக்க வேண்டும். ஜூலை 1 என்பது வேறு கல்லூரி தேட மிகவும் பிந்திய தேதி. அதனால்தான் ஓராண்டு ஒப்பந்தத்தைவிட நான்காண்டு ஒப்பந்தத்தைக் கேட்கச் சொல்கிறோம்.

தேசிய சேவைக்கு முன்பு போவதா, பின்பு போவதா?
– தந்தை, தெம்பனிஸ். இதே கேள்வியை மேலும் இருவர் கேட்டிருந்தார்கள்

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதில் தேர்வே இல்லை. தற்காப்பு அமைச்சு தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடிக்கத்தான் வழக்கமாக ஒத்திவைப்புத் தரும், பட்டப்படிப்புக்கு அல்ல. ஒலிம்பிக் பதக்கம் வெல்லும் நிலையில் இருப்பவருக்கே நீண்ட ஒத்திவைப்பு. ஸ்கூலிங், குவா செங் வென், காற்றாடி அலைச்சறுக்கில் பாரிஸில் வெண்கலம் வென்ற மேக்ஸ் மேடர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகனும் அந்தப் பட்டியலில் சேர்வான் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்த நிரந்தரவாசிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறதே என்று சில வீடுகளில் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். 13 வயதைக் கடந்த பையன் 3 மாதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டில் இருக்க வேண்டுமானால் எக்ஸிட் பெர்மிட் என்ற வெளியேறும் அனுமதி வேண்டும். நீண்ட காலத்துக்குப் போனால் பிணைத்தொகையும் கேட்பார்கள்: 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஆண்டு வருமானக் கூட்டுத்தொகையில் பாதி, இவற்றில் எது அதிகமோ அது. 14 வயதில் அமெரிக்கப் பள்ளிக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சேவை முடித்து 20, 21 வயதில் போவதிலும் ஒரு கண்ணி உண்டு. பள்ளிப் படிப்பு முடிந்த நாளிலிருந்து 12 மாதம் (டென்னிஸுக்கு 6 மாதம்) சலுகைக் காலம். அதற்குப் பிறகும் கல்லூரியில் சேராமல் ஏற்பாடு செய்யப்பட்ட போட்டிகளில் கலந்துகொண்டால், அப்படிப்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்லூரியில் விளையாடும் ஒரு பருவத்தை இழக்க நேரும். இதுதான் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த விதி. என்சிஏஏ இதுபோன்ற தகுதி விதிகளை அடிக்கடி திருத்துவதால், மகன் சேரப்போகும் ஆண்டின் விதியே செல்லும்.

ஆகவே சேவைக் காலத்தில் அவன் கலந்துகொள்ளும் ஒவ்வொரு போட்டியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, போட்டியின் பெயர், யார் நடத்தியது, எந்த அணிக்காக, பரிசுத்தொகை ஏதாவது வந்ததா. டெக்சஸ் போன்ற பல்கலைக்கழகங்களில் விதிமுறை அலுவலகம் என்று தனியாக ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலை அனுப்பி, "எத்தனை பருவம் மீதி?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்றுவிப்பாளர் வாய்ச்சொல்லாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது, தங்கள் டிப்ளோமா ஆண்டுகளைப் பள்ளிப் படிப்பாக எடுத்துக்கொள்வார்களா, கல்லூரிப் படிப்பாக எடுத்துக்கொள்வார்களா என்பது. முழுநேரக் கல்லூரிப் படிப்பு தொடங்கிய நாளிலிருந்துதான் ஐந்தாண்டுக் கடிகாரம் (விளையாடும் பருவங்களை முடிக்க வேண்டிய காலம்) ஓட ஆரம்பிக்கிறது.

பயிற்றுவிப்பாளருக்கு எப்போது எழுதுவது, என்ன எழுதுவது?
– தொடக்கக் கல்லூரி மாணவர், பிடோக்

எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் தம்பி. அமெரிக்கக் கணக்கில் 10ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்பு அவர்கள் பதில் எழுதக் கூடாது என்று விதி. பதில் வரவில்லை என்று மனம் உடைந்துவிடாதே.

கடிதம் ஒரு திரைக்குள் முடியட்டும். தலைப்பிலேயே பெயர், பாணி, நேரம், சேரும் ஆண்டு. உள்ளே: 50 மீட்டர் குளத்தில் எடுத்த நேரங்கள், தேதி, போட்டியின் பெயர், கடந்த இரண்டாண்டில் நேரம் எவ்வளவு குறைந்தது, ஓ நிலை மதிப்பெண், தேசிய சேவை முடியும் மாதம், எந்தப் பாடம் படிக்க விருப்பம். ஒரு காணொளி இணைப்பு போதும், தொடக்கமும் திருப்பமும் தெரிந்தால் சரி.

நேரத்தைக் கெஜத்துக்கு மாற்றி எழுதாதே. அமெரிக்கக் கல்லூரிகள் 25 கெஜக் குளத்தில் நீந்துகின்றன, 100 கெஜம் என்பது 91.44 மீட்டர்தான், திருப்பங்களும் அதிகம். ஸ்கூலிங் 2016இல் கல்லூரிப் போட்டியில் எடுத்த நேரம் 44.01, அதே ஆண்டு ரியோவில் 50.39. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறும்: நீருக்கடியில் உதைத்துப் போவதில் வல்லவருக்குக் கெஜக் குளம் சாதகம். மாற்றும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ மாற்றி எழுதினால் நேரத்தை ஊதிக் காட்டுவதாகத் தோன்றும்.

கல்வித் தகுதிக்கு என்சிஏஏ தகுதி மையத்தில் பெயர் பதிய வேண்டும். 16 அடிப்படைப் பாடங்கள், 4க்கு 2.3 சராசரி. எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணை என்சிஏஏ 2023 முதல் கேட்பதில்லை, பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக்குக் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு வாசல்.

ஓட்டக்காரி நான். விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவராக ஆசை. அங்கே கினிசியாலஜி படித்துவிட்டு வந்து இங்கே வேலை பார்க்கலாமா?
– மாணவி, புக்கிட் பாஞ்சாங்

கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு தவறால் நான்காண்டு உழைப்பு வீணாவதைத் தடுத்தால் இந்தப் பகுதி எழுதியதற்குப் பலன் உண்டு.

கினிசியாலஜி என்பது உடல் அசைவு பற்றிய அறிவியல். அதில் இளநிலைப் பட்டம் வாங்கினால் நீங்கள் இயன்முறை மருத்துவர் ஆகிவிட மாட்டீர்கள், அமெரிக்காவிலேயே ஆக முடியாது. அங்கே அதற்குமேல் டிபிடி என்ற முனைவர் நிலைத் தொழிற்படிப்பு வேண்டும். சிங்கப்பூரில் இயன்முறை மருத்துவர்கள் துணை மருத்துவத் தொழில் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு அந்தத் தொழிலுக்கே உரிய பட்டம் தேவை. வெறும் கினிசியாலஜிப் பட்டத்தோடு வந்தால் உடற்பயிற்சிக் கூடத்திலோ பயிற்றுவிப்பிலோ வேலை கிடைக்கும், மருத்துவமனையில் இயன்முறை மருத்துவராகச் சேர முடியாது. இந்த ஆசை உறுதியானது என்றால் மொத்தம் ஏழாண்டுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது இங்கே சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் (எஸ்ஐடி) இயன்முறை மருத்துவப் பட்டத்தைப் படியுங்கள்.

பாடத் தேர்வில் இன்னொரு சிக்கல், நேரம். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று என்சிஏஏ வரம்பு வைத்திருக்கிறது. போட்டி நாள் எத்தனை மணி நேரம் நீண்டாலும் 3 மணி என்றே கணக்கு. பயணமும் காயச் சிகிச்சையும் அந்த 20இல் சேராது. ஆகவே உண்மையான நேரம் அதைவிட அதிகம். வேதியியல், உயிரியல் ஆய்வுக்கூட வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில் மூன்று மணி நேரம் நடக்கும். அணியின் பயிற்சியும் அப்போதுதான். ஆய்வுக்கூடத்தைத் தள்ளிப்போட்டால் அடுத்த பாடத்துக்கு வாசல் திறக்காது, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் தள்ளிப்போகும்.

தள்ளிப்போவதை விதி அனுமதிக்காது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 விழுக்காடு முடித்திருந்தால்தான் ஓடலாம். 120 கிரெடிட் (பாடப் புள்ளி) கொண்ட பட்டம் என்றால் 48, 72, 96. மூன்றாம் ஆண்டுக்குள் முதன்மைப் பாடத்தை அறிவித்துவிட வேண்டும். எடுத்த கிரெடிட் அந்தப் பாடத்துக்குப் பொருந்தினால்தான் இந்தக் கணக்கில் சேரும். இரண்டாம் ஆண்டு முடிவில் மனம் மாறினால் 50 கிரெடிட் இருந்தும் புதிய பாடத்துக்கு 35தான் பொருந்தும் என்ற நிலை வரும். அப்போது பலர் தாங்கள் விரும்பிய பாடத்தை விட்டுவிட்டுக் கிரெடிட் பொருந்தும் பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். விளையாட்டாளர்கள் எல்லாரும் ஒரே பாடத்தில் கூட்டமாக இருப்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆஸ்டினில் வணிகத்துக்கு மெக்கோம்ஸ் பள்ளி, பொறியியலுக்குக் காக்ரெல் பள்ளி. வேறு பிரிவில் சேர்ந்துவிட்டு உள்ளுக்குள் அங்கே மாறுவது கடும் போட்டி. "முதலில் கலைப்பிரிவில் சேர், பிறகு வணிகத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விரும்பும் பள்ளியிலேயே முதல் நாளிலிருந்து இடம் கேளுங்கள். உங்களை அணிக்கு அழைக்கும்போதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

அணியினரைப் பார்க்கப் போகும்போது, "இந்தப் பாடத்தில் இப்போது அணியில் யார் இருக்கிறார்கள், அவர்களோடு பேசலாமா?" என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பாடத்தைப் பயிற்சி நேரம் விடவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆஸ்டினில் ஒரு கடை, தங்கள் உடையை அணிந்து இன்ஸ்டகிராமில் படம் போட்டால் பணம் தருகிறோம் என்கிறது. அணித் தோழர்கள் எல்லாரும் வாங்குகிறார்கள்.
– மாணவர்

அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயர், படம், புகழை வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ விடுகிறது. எஃப்-1 விசா விடவில்லை. அனுமதி பெறாத வேலை செய்தால் விசா நிலையே முறிந்துபோகும், அணியும் போகும் படிப்பும் போகும். காசாக இல்லாமல் காலணியாக வாங்கினாலும் கைமாறு கைமாறுதான். எதிலும் கையெழுத்திடும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேள் தம்பி. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்ப்பது தடையில்லை.

பதக்கப் பரிசு வேறு கதை. ரியோ தங்கத்துக்காக ஸ்கூலிங்குக்கு இங்கே 1 மில்லியன் வெள்ளி கிடைத்தது. சொந்த நாட்டின் ஒலிம்பிக் ஊக்கத்தொகையை வெளிநாட்டு வீரர்களும் பெறலாம் என்று அப்போது விதி இருந்ததால், அதற்குப் பிறகும் அவர் கல்லூரி அணியில் நீந்தினார்.

பட்டம் முடிந்ததும் அங்கேயே சில ஆண்டு வேலை பார்க்க வழி உண்டா? முதலாளிகள் விளையாட்டை மதிக்கிறார்களா?
– கடைசி ஆண்டு மாணவியின் தாயார், ஜூரோங்

உண்டு. ஓபிடி என்ற அனுமதியில் படித்த துறையிலேயே 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வரும் பாடம் என்றால் மேலும் 24 மாதம். பாடத்தின் பெயரை வைத்து முடிவுகட்டக் கூடாது, ஒவ்வொரு படிப்புக்கும் ஆறு இலக்க சிஐபி எண் ஒன்று உண்டு, அதைப் பார்க்க வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு பட்டங்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாளுக்குமேல் முடியாது. நீச்சல், திடல்தட வீரர்களின் தேசியப் போட்டிகள் மார்ச்சிலும் ஜூனிலும் வருவதால் இந்தத் தேதிகள் கைநழுவிப் போகின்றன. மகளிடம் பிப்ரவரியிலேயே நினைவூட்டுங்கள். அனுமதி தொடங்கிய பின் மொத்தம் 90 நாளுக்குமேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு சிங்கப்பூரர்களுக்கு ஒரு தனிக் கதவு இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. எச்-1பி1 வேலை விசா. தடையற்ற வர்த்தக உடன்பாட்டின் கீழ் ஆண்டுக்கு 5,400 இடம் சிங்கப்பூருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மற்ற பெரும்பாலான நாட்டவர்போல எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் நிற்க வேண்டியதில்லை. முதலாளி தொழிலாளர் துறையில் ஒரு விண்ணப்பத்துக்குச் சான்று வாங்கித் தந்தால், வேலைக் கடிதத்தோடு இங்குள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே விசா கேட்கலாம். ஓராண்டு, ஓராண்டாக நீட்டிக்கலாம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு உண்டு, நிரந்தரவாசிகளுக்கு இல்லை. அமெரிக்க முதலாளிகளுக்கே இது தெரியாததால் "நாங்கள் விசா கொடுப்பதில்லை" என்று உடனே சொல்லிவிடுவார்கள். நேர்காணலில் மகள்தான் விளக்க வேண்டும்: குலுக்கல் இல்லை, சில வாரத்தில் முடியும், செலவு குறைவு.

முதலாளிகள் விளையாட்டை மதிக்கிறார்கள், புரியும்படி எழுதினால். "டெக்சஸ் திடல்தட அணி, 4 ஆண்டு" என்று ஒரு வரியில் விட்டால் அது பொழுதுபோக்குபோல இருக்கும். "வாரம் 20 மணி நேரப் பயிற்சியுடன் பருவத்துக்கு 15 கிரெடிட், சராசரி 3.4" என்று எண்ணோடு எழுதினால் சுமை தெரியும். விளையாட்டாளர்களுக்கு உள்ள உண்மையான குறை கோடைப் பயிற்சிப் பணி. மற்ற மாணவர்கள் இரண்டு மூன்று கோடையில் நிறுவனங்களில் வேலை பழகியிருப்பார்கள், இவர்கள் குளத்திலும் திடலிலும் இருந்திருப்பார்கள். நான்கு கோடையில் ஒன்றையாவது அதற்கு ஒதுக்க வேண்டும், பயிற்றுவிப்பாளரிடம் அதை முதலாண்டிலேயே சொல்லிவைக்க வேண்டும். எஃப்-1 மாணவர்கள் அதற்கும் சிபிடி என்ற முன் அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே திரும்பி வந்து பயிற்றுவிப்பாளராக நினைத்தால், அங்கே வாங்கிய பதக்கம் மட்டும் போதாது. தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பெயர் வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தேசியக் கல்விக் கழகப் பயிற்சி வேண்டும்.

பட்டம் முடிக்காமல் திரும்பிவிட்டேன். முழு உபகாரச் சம்பளத்தில் இருந்தேன். இனி வழி உண்டா?
– முன்னாள் மாணவர்

இருக்கலாம். 2024 ஆகஸ்ட் 1 முதல், டெக்சஸ் போன்ற முதல் பிரிவுக் கல்லூரிகள் முழு உபகாரச் சம்பளத்தில் இருந்த முன்னாள் வீரர்களுக்கு, விளையாடும் தகுதி முடிந்து 10 ஆண்டு வரை பட்டத்தை முடிக்க உதவ வேண்டும் என்று என்சிஏஏ விதித்திருக்கிறது. விளையாட்டில் பட்ட காயத்துக்கு, வெளியேறிய பின் குறைந்தது 2 ஆண்டு மருத்துவச் செலவும் உண்டு. பழைய பயிற்றுவிப்பாளரை விட்டுவிட்டு, விளையாட்டுத் துறையின் கல்வி ஆலோசனைப் பிரிவுக்கு எழுதுங்கள். கடிதத்தோடு மதிப்பெண் பட்டியல், உதவி ஒப்பந்தத்தின் நகல், கடைசியாக விளையாடிய பருவம் மூன்றையும் இணையுங்கள். எத்தனை கிரெடிட் மீதி, அதில் எத்தனை இணையம் வழி முடிக்கலாம் என்று கேளுங்கள். சிங்கப்பூரில் இருந்தபடியே படித்தால் மாணவர் விசா தேவையில்லை, வேலையையும் விட வேண்டியதில்லை.